சுகமான பிள்ளையின் வருத்தங்கள்

மகள் பிறந்த ஐம்பத்தெட்டாம் நாள், வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர் ஒருவர், அவளுக்கு இரண்டாம் மாத ஊசியை இப்போது போட வேண்டாம் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், அப்போதும் ஊசியையும் சொட்டு மருந்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுப்போம் என்றாராம். நான் அப்போது உள்ளே இருக்கவில்லை. காலி வீதி என்ற அந்த நெரிசலான பெருந்தெருவில் என் ஓட்டோவை நிறுத்த இடமில்லாமல் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றுக்குள் போய், அங்கேயும் ஒரு வீட்டுக்காரர் துரத்த, இரண்டு சுற்றுச் சுற்றி வந்தபோது மனைவியும் அவளுடைய அக்காவும் பிள்ளையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

உடம்பு தேற வேண்டுமாம் என்றாள் மனைவி. பிள்ளையைப் பார்த்தேன். தொடையில் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது. எந்த உடம்பு தேற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் டொக்டர் பார்த்துச் சொன்னதை ஓட்டோக்காரன் மறுத்துச் சொல்லக்கூடாது என்று ஓட்டோவை ஸ்டார்ட் செய்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அந்த எட்டு வகுப்பையும் ஆறு பள்ளிக்கூடங்களில் படித்தேன். சண்டை எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் பள்ளிக்கூடம் மாறும். பிறகு மன்னாரில் மீன் வாடியில் ஐஸ் உடைத்தேன், புறக்கோட்டையில் மூட்டை தூக்கினேன், கட்டாரில் கம்பி கட்டினேன், மாலைதீவில் ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் சட்டி கழுவினேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. நாற்பத்தொரு வயதில்தான் கலியாணம் நடந்தது. இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் இரண்டு அறை எடுத்து இருக்கிறோம். கீழே பலசரக்குக் கடை, பக்கத்தில் கோயில், கொஞ்சம் தள்ளித் தேவாலயம். சத்தத்துக்குக் குறைவில்லை.

ஏழு வயதில், இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தபோது, எனக்குச் சின்னமுத்து என்கிற தட்டம்மை வந்தது. உடம்பு முழுவதும் சிவந்து, காய்ச்சல் எரித்து, கடைசியில் காதால் சீழ் வடிந்தது. இடது காது அதோடு போய்விட்டது. எனக்கு ஊசி போட்டார்களா, தவறிவிட்டார்களா என்று அம்மாவுக்கே நிச்சயமில்லை. கிளினிக் அட்டை வீட்டோடு போயிருந்தது. இதைப் பெரிய இழப்பாக நான் சொல்ல மாட்டேன். சவாரி வருகிறவர்கள் கூலியைக் குறைக்கச் சொல்லும்போது அந்தக் காது பல தடவை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

ஆனால் மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் தந்த சுகாதாரப் புத்தகத்தை நான் எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தையும் வாசிக்காத மாதிரி வாசித்தேன். எந்த மாதம் எந்த ஊசி, எந்த நோய்க்கு எது என்று கட்டம் போட்டிருந்தது. இரண்டாம் மாதக் கட்டத்தில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி. அந்த ஐந்தில் கக்குவான் என்கிற குக்கல் இருமலும் ஒன்று. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி ஒரு பிள்ளை மூன்று கிழமையாக இருமிக்கொண்டிருந்தது. இருமி இருமிக் கடைசியில் மூச்சை இழுக்கும் சத்தம் என் ஒற்றைக் காதுக்கே நன்றாகக் கேட்கும். அது குக்கலாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக அந்தத் தாய் சொன்னாள். அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் மூன்று மாதம் என்பது எனக்கு நீண்டுகொண்டே போனது.

வெள்ளவத்தை டொக்டரிடம் போகச் சொன்னது மச்சாள், அதாவது மனைவியின் அக்கா. அவர் வெள்ளவத்தையில் பிளாட் வீட்டில் இருக்கிறார். புருஷன் வங்கியில் வேலை. அரசாங்கக் கிளினிக்கில் வரிசையில் நின்று இடிபட வேண்டாம், ஊசிக்கு முன்னம் ஒருக்கா நல்ல டொக்டரிடம் காட்டு என்று தங்கச்சிக்கு அவரே நம்பர் எடுத்துக் கொடுத்தார். முன்பு அந்த அறையில் இருந்த வயதான டொக்டர் ஓய்வெடுத்துவிட்டார். இப்போது இருப்பவர் இளைஞர், எங்கள் ஆள்தான், ஆனால் வெளிநாட்டில் பிறந்து படித்து வந்தவர்.

வீட்டுக்கு வந்த பிறகு, என்ன வருத்தமாம், என்ன நோயாம் என்று மனைவியிடம் கேட்டேன். கை கால் இழுப்பு மாதிரி ஏதோ இருக்கலாம், அது என்னவென்று தெரியும் வரைக்கும் ஊசி வேண்டாம் என்றாராம் என்று சொல்லிவிட்டு, அரிசி களைய எழுந்து போனாள். முகத்தைக் கொடுக்கவில்லை. அவளுக்கும் கவலையாக்கும் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து ஒரு கிழமை நான் பாதி நாள்தான் ஓட்டோ ஓடினேன். மீதி நேரம் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் இருந்து கை காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்தது. உண்மையாகவே இழுத்தது. திடீரென்று இரண்டு கையையும் விரித்து, விரல்களைப் பரப்பி, யாரையோ கட்டிப்பிடிக்கப் போவது போல உள்ளுக்குக் கொண்டுவந்தாள். கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் நேரத்தையும், அப்போது என்ன நடந்தது என்பதையும் எழுதினேன். டொக்டருக்கு உதவும் என்று நினைத்தேன். காலை ஆறு மணி, கோயில் மணி அடித்தது. ஒன்பதே கால், கீழே கடையில் தகரக் கதவைத் தூக்கினார்கள். பன்னிரண்டு மணி, மனைவி தேங்காய் உடைத்தாள். இப்படி ஒரு தாள் நிறைந்தது.

அடுத்த செவ்வாய் கொட்டாஞ்சேனைக் கிளினிக். ஊசி இல்லாவிட்டாலும் நிறுக்க வேண்டும் என்பதால் மூவரும் போனோம். அங்கே எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவிச்சி ஒரு சிங்களப் பெண். ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இருபது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கித் தமிழைப் பிடித்துக்கொண்டவர். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டார், புத்தகத்தில் புள்ளி வைத்தார், டொக்டரின் துண்டை வாசித்தார், திரும்பப் பிள்ளையைப் பார்த்தார்.

“அய்யே, இந்தப் பபாவுக்கு என்ன வருத்தம்?” என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லி என்னிடம் கேட்டார்.

“கை கால் இழுக்குது மிஸ்.”

“நான் வீட்டுக்கு நாலு தரம் வந்தேன்தானே. யாரும் சொல்லல்லியே.” மனைவி பக்கம் திரும்பினார். மனைவி சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைத் திரும்ப விரித்து மடித்தாள்.

நிறை நன்றாக ஏறியிருக்கிறது, ஊசி போடாமல் விடுவதற்கு ஒரு காரணமும் தனக்குத் தெரியவில்லை, ஆனால் டொக்டர் கையெழுத்து வைத்திருக்கும்போது தான் அதை மாற்ற முடியாது என்றார் மிஸ். போய் அவரிடமே காரணத்தைக் கேளுங்கள், போடலாம் என்றால் எழுதி வாங்கி வாருங்கள், அடுத்த செவ்வாய் நானே முன்னுக்கு எடுக்கிறேன் என்றார். மூன்று வீடு தள்ளி இருக்கும் பிள்ளையின் இருமலைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்த வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்றார்.

மறுநாள் மனைவியிடம் சொல்லாமல் வெள்ளவத்தைக்குப் போனேன். இந்த முறை ஓட்டோவை பம்பலப்பிட்டியில் தெரிந்தவர் ஒருவரின் கடைக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்தேன். கேட்க வேண்டியவற்றை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பெரிய ஆட்களுக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்கு வந்திருப்பது என்ன வருத்தம்? மூன்று மாதத்துக்குள் குக்கல் தொற்றினால் யார் பொறுப்பு? மூன்று மாதத்துக்குப் பிறகும் கை கால் இழுத்தால் என்ன செய்வது? இந்த மூன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு படியேறினேன்.

அந்த இடத்தை அன்றுதான் பார்த்தேன். சுவரோடு சுவராகப் பதினைந்து பிளாஸ்டிக் கதிரை. டொக்டரின் கதவு விரியத் திறந்து கிடந்தது. காத்தாடி வெளியில் மட்டும்தான் இருந்தது, அதன் காற்று உள்ளே போக வேண்டும். உள்ளே கேட்கிற கேள்வியும் சொல்கிற பதிலும் பதினைந்து கதிரைக்கும் கேட்கும். கதிரையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். யார் யாருடைய மகள், எந்த ஊர், எங்கே கட்டினது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. பிள்ளை இல்லாமல் வந்தவனைப் பார்த்து டொக்டர் ஆச்சரியப்பட்டார். நான் கலண்டர் தாளை முதலில் நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“கோயில் மணி. தகரக் கதவு. தேங்காய். திரும்பக் கோயில் மணி. ஹோர்ன் சத்தம்.” தாளை மேசையில் வைத்தார். “பிள்ளை சத்தத்துக்குத் திடுக்கிடுறா. இந்த வயசில எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான். காது நல்லாக் கேக்குது எண்டு சந்தோசப்படுங்கோ.”

சந்தோசப்பட்டேன். எனக்கு அது மற்றவர்களை விட ஒரு பங்கு கூடவே சந்தோசம். ஆனால் அதற்குள் அவர் பிள்ளையைப் பற்றித் தான் எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்துவிட்டார்.

“ஆனா, மாதத்தில மூண்டு தரம் காய்ச்சல் எண்டு இருக்குது.”

“ஆருக்கு?”

“உங்கட பிள்ளைக்கு. பால் குடிக்கிறேல்லை. இரவில நித்திரை இல்லை. சளி விட்டபாடில்லை. நான் சோதிச்சுப் பாத்தனான், ஒண்டும் தெரியேல்லை. அதாலதான் பயந்து தள்ளிப் போட்டனான். தாயும் பெரியம்மாவும் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறன்.”

அந்த அட்டையில் இருந்த பிள்ளை என் பிள்ளை இல்லை. என் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒருநாளும் காய்ச்சல் கண்டதில்லை. பால் குடித்தால் கோயில் யானை தண்ணீர் குடிப்பது போல இருக்கும். எழுதிக் கொண்டுபோன மூன்று கேள்விகளும் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டன. நான் பகல் முழுக்க வெளியில் நிற்கிறவன், எனக்குத் தெரியாமல் வந்திருக்கலாம் என்று ஏதோ முணுமுணுத்தேன். நாளைக்குப் பிள்ளையின் தாயைக் கூட்டி வாருங்கள், அவர் வாயால் கேட்காமல் நான் எழுத்தை மாற்ற மாட்டேன் என்றார் டொக்டர். அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “என்ன சொன்னனீர் டொக்டரிட்ட?”

அவள் முதலில் பிள்ளையின் கன்னத்தில் இருந்த கறுத்தப் பொட்டைச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சுகமா இருக்கிறாள் எண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லச் சொல்லுறியளோ? வாசலோட இருந்தவ ஆரெண்டு தெரியுமோ? அவ ஒரு சொல்லுச் சொன்னால் பச்சை மரமும் பட்டுப்போம். அக்காதான் பால் குடிக்கிறேல்லை எண்டு துடங்கினவ. நான் காய்ச்சல் எண்டன். பிறகு அக்கா கை கால் இழுத்தது எண்டா.” கொஞ்சம் யோசித்தாள். “அது கொஞ்சம் கூடிப்போச்சுதுதான்.”

“டொக்டர் உண்மையெண்டு எழுதிப்போட்டார்.”

“அவர் உண்மையெண்டு நம்புவார் எண்டு நாங்கள் கண்டமோ? எங்கட ஆள்தானே. முந்தின டொக்டர் எண்டால் தாய்மார் சொல்லுறதில அரைவாசியைக் கழிச்சுப்போட்டுத்தான் எழுதுவாராம். அக்கா சொன்னவ.”

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பிள்ளை வளர்ந்திருக்கிறதே என்று யாராவது சொன்னால் உடனே, எங்கே வளர்ந்தது, எலும்பும் தோலும்தான் என்று மறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாவூறு பட்டுவிடும். கேட்பவருக்கும் அது தெரியும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் உண்மை தன்பாட்டில் பத்திரமாக இருக்கும். வெளிநாட்டில் படித்த டொக்டருக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. தாய் சொல்வதை நம்ப வேண்டும் என்று அவருக்குப் படிப்பித்திருக்கிறார்கள். நல்ல படிப்புத்தான்.

ஏன் என்னிடமாவது சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு கிழமை நான் பாதி வேலையை விட்டுப் பாயோடு கிடந்தேனே என்றேன். நீங்கள் அப்படிக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் குழப்ப மனம் வரவில்லை என்றாள். பிறகு, அந்த இழுப்பை நீங்கள் எழுதத் தொடங்கியதும் எனக்கும் உண்மையாக இருக்குமோ என்று பயம் பிடித்துவிட்டது என்றாள். தான் சொன்ன பொய்க்குத் தானே பயந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. மூன்று வீடு தள்ளி அந்தப் பிள்ளை இருமத் தொடங்கியது. இருவரும் அது முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மச்சாளும் வந்தார். வழி நெடுக ஓட்டோவின் பின் சீட்டில் அக்காவும் தங்கச்சியும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார்கள். இப்போது காய்ச்சல் நின்றுவிட்டது என்று சொல்லலாம் என்றார் மச்சாள். நிற்பதற்கு முதலில் வந்திருக்க வேண்டும் என்றேன் நான். நீங்கள் ரோட்டைப் பார்த்து ஓடுங்கோ என்றார்.

எங்கள் நம்பரைக் கூப்பிட்டதும் மூவரும் எழும்பினோம். டொக்டர் தாயையும் தகப்பனையும் மட்டும் வரச் சொன்னார். மச்சாள் கதிரையிலேயே இருந்துவிட்டார்.

உள்ளே டொக்டர் அட்டையை விரித்து, எப்போது கடைசியாகக் காய்ச்சல் வந்தது என்று கேட்டார். மனைவி கதவைப் பார்த்தாள். வெளியே பதினைந்து கதிரையும் பேச்சை நிறுத்திவிட்டிருந்தன. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். நான் என் நல்ல காதைக் கிட்டக் கொண்டுபோனேன். அப்படியும் ஒன்றும் கேட்கவில்லை. டொக்டர் அவள் பார்த்த பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அறை அந்த நிமிடமே புழுங்கத் தொடங்கியது.

“இப்ப சொல்லுங்கோ,” என்றார்.

அவள் சொன்னாள். ஒன்பது கிழமையாக வாயில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். காய்ச்சல் என்பதே இல்லை. ஒரு பக்கம் குடித்து முடித்து மற்றப் பக்கத்துக்கு அழுவாள். இரவில் ஒரே ஒருதரம்தான் எழும்புவாள். நாற்பதாம் நாளிலேயே முகம் பார்த்துச் சிரித்தாள். தகப்பன் வீட்டுக்கு வந்தால் ஓட்டோச் சத்தத்துக்கே காலை அடிப்பாள். தலைமயிரைப் பாருங்கோ, இந்த வயதில் யாருக்கு இவ்வளவு இருக்கிறது? இதில் பாதி எனக்கும் புதிது. என்னிடமும் அவள் சொன்னதில்லை. டொக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். பிள்ளையை இன்னொரு தரம் தலையிலிருந்து கால்வரைக்கும் சோதித்தார். பழைய வரிகளைக் கோடு போட்டு வெட்டி, ஒன்றும் பிந்தத் தேவையில்லை, அடுத்த கிளினிக்கிலேயே புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் போடலாம் என்று புதுத் துண்டு எழுதினார்.

“ஒரு விசயம் கேக்கிறன்,” என்றார் துண்டை நீட்டிக்கொண்டே. “என்னட்ட வாற எல்லாத் தாய்மாரும் இப்பிடித்தானோ?”

மனைவி யோசித்து, “எங்கட ஆக்கள் எண்டால் ஓம்,” என்றாள்.

டொக்டர் மேசையில் இருந்த மற்றப் பிள்ளைகளின் அட்டைக் கட்டை ஒருமுறை பார்த்தார்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது பதினைந்து கதிரையும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தன. ஒரு அம்மா மனைவியின் கையைப் பிடித்து, கடவுளை நம்பு பிள்ளை என்றார். கதவு சாத்தியிருந்த நேரத்தில் மச்சாள் சும்மா இருக்கவில்லை. உள்ளே கதவைச் சாத்திப் பார்க்கிறார்கள், என்ன வருத்தமோ தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று படியிறங்கும்போது கேட்டேன். இவ்வளவு சனம் இரக்கப்பட்டால் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு நாவூறு அண்டாது என்றார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் மண்டபம் நிறைந்திருந்தது. இங்கே சாத்துவதற்குக் கதவில்லை; மூன்று பக்கமும் திறந்த மண்டபம். தாய்மார் நீளமான மர வாங்குகளில் வரிசையாக இருந்து ஒருவர்பின் ஒருவராக நகர வேண்டும். ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஒவ்வொரு தாயிடமும் சத்தமாகக் கேட்பார். எங்களுக்கு முன்னால் இருந்தவள் கொஞ்சம் சளி என்றாள். அதற்கு முதல் இருந்தவள் வயிறு சரியில்லை என்றாள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகளை நர்ஸ் மண்டபத்தில் இருந்த கிளினிக் டொக்டரம்மாவிடம் அனுப்பி, பார்த்து, திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அப்படிப் போன ஒரு தாய், எதற்கும் அடுத்த மாதம் வருகிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். மனைவி அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் முறை. மிஸ் புதுத் துண்டைப் புத்தகத்துக்குள் வைத்து நர்ஸிடம் கொடுத்தார்.

“காய்ச்சல், வலிப்பு, பால் குடிக்கிறதில கரைச்சல், ஏதும் இருக்கா?” நர்ஸின் குரல் மண்டபத்தின் மறுபக்கத்துக்குக் கேட்டிருக்கும்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையில் தட்டினாள்.

“ஒண்டும் இல்லை. பிள்ளை நல்ல சுகம்.” வழக்கத்தை விடச் சத்தமாகவே சொன்னாள். பிறகு, சொன்னது போதாது என்பது போல, “நல்லாக் குடிக்கிறாள், நல்லா நித்திரை கொள்ளுறாள்,” என்றாள். வாங்கில் இருந்த பெண்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

ஊசி தொடையின் மேல் மடிப்புக்குக் கொஞ்சம் மேலே இறங்கியது. மகள் முதலில் என்ன நடந்தது என்று யோசித்தாள். அதற்குப் பிறகு அழுதாள். அவள் அப்படி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொட்டு மருந்தை அழுகைக்கு நடுவில் விட்டார்கள். மிஸ் புத்தகத்தில் இரண்டாம் மாதக் கட்டத்தில் திகதியை எழுதி, அடுத்ததற்குரிய திகதியைப் பென்சிலால் குறித்தார். இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள், பின்னேரம் காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

ஓரமாக இருந்த வாங்கில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பர்தா போட்ட ஒரு தாய் தன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மகளின் சத்தத்தில் அவளுடைய பிள்ளை தன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

“மாஷா அல்லாஹ்,” என்றாள் அவள் மனைவியிடம். “நல்ல பலமான புள்ள.”

மனைவி பிள்ளையின் முதுகைத் தடவினாள். வழக்கமான பதிலுக்கு நான் காத்திருந்தேன்.

“ஓம்,” என்றாள்.